சிறு ரசாயனத் தொழிலும் வெளியாரின் அறிவும்

கிராமப்புறங்களில் சிறு தொழில்கள் பெருக வேண்டுமென்று நாம் அனைவரும் விழைகிறோம். ஆயினும், ரசாயனப் பொருள்களைக் கையாளும் சிறு தொழில்களுக்குத் தனிப்பட்ட ஓர் இடர்ப்பாடு உண்டு. ஐம்பது பேர் வேலை செய்யும் தொழிற்சாலை சொந்தமாக ஆராய்ச்சிக்கூடம் அமைத்தல் அரிது. வேதியியல் வல்லுநரை அமர்த்துவதும் எளிதன்று. எனவே, பிறரிடமுள்ள அறிவை நாடிப் பெறுதலே அதற்கு உற்ற வழியாகும்.

இவ்வழி நமக்குப் புதியதன்று. 1922-ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த திரு. அய்ய நாடாரும் திரு. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1923-இல் ஊர் திரும்பினர். குச்சி மருந்திலுள்ள பொட்டாசியம் குளோரேட்டும் பெட்டியின் பக்கத்திலுள்ள சிவப்புப் பாஸ்பரமும் உராயும்போதே தீ பற்றுகிறது. வெளியிலிருந்து கொணர்ந்த இந்நுட்பமே மழை குன்றிய அக்கரிசல் பூமியில் எண்ணற்ற குடும்பங்களுக்குச் சோறளித்தது.

அண்மையிலும் இத்தகைய தேவை எழுந்தது. பல பட்டாசுகளில் பேரியம் நைட்ரேட்டே எரிதலுக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தந்து வந்தது. பேரியம் உப்புகள் கூடாதென்றும், மாசு குறைந்த பட்டாசுகளையே செய்ய வேண்டுமென்றும் 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாற்றுக் கலவையைச் சிறு ஆலை தனித்துக் கண்டறிவது எங்ஙனம்? நாகபுரியிலுள்ள 'நீரி' ஆராய்ச்சி நிலையம் புகைத்துகளை ஏறத்தாழ 30 சதவிகிதம் குறைக்கும் கலவைகளை உருவாக்கி, ஒப்பந்தத்தின் பேரில் உற்பத்தியாளர்களுக்கு வழங்கிற்று. 2019-இல் மூலப்பொருள்களைச் சோதிக்கும் வசதியையும் சிவகாசியிலேயே ஏற்படுத்திற்று.

இதனால் விளையும் நன்மைகள் யாவை? ஆராய்ச்சிச் செலவு பலருக்கும் பொதுவாகிறது. தரங்குறைந்த மூலப்பொருளால் நேரும் நட்டம் முன்கூட்டியே தெரிகிறது. சட்டத்திற்கு உட்பட்ட சரக்கிற்குச் சந்தை நிலைக்கிறது.

தம் தொழில் இரகசியம் வெளிப்பட்டுவிடுமோ என உரிமையாளர் சிலர் அஞ்சுவர். அவ்வச்சத்தை நாம் புறக்கணித்தலாகாது. எதைப் பகிர்வது, எதைக் காப்பது என்பதை முன்னதாகவே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதே அதற்குப் பரிகாரம்.

அதனினும் பெரிய கடமை ஒன்றுண்டு. புதிய கலவையைப் பழைய வழக்கப்படி கையாண்டால், இழப்பது பணம் மட்டுமன்று, உயிரும் போகும். ஆகவே, கற்ற நுட்பம் உரிமையாளரின் மேசையோடு நின்றுவிடலாகாது. அளவு, ஈரம், உராய்வு ஆகியவை பற்றிய எச்சரிக்கை, மருந்து கலக்கும் தொழிலாளியின் செவிக்கு அவருக்கு விளங்கும் சொற்களில் எட்ட வேண்டும். அவர் பட்டறிவால் கூறுவதையும் நாம் செவிமடுத்தல் வேண்டும். அறிவு இவ்விரு வழிகளிலும் பாயுமிடத்தில்தான் சிறு தொழில் நிலைபெறும்.