கம்ப்யூட்டரை எவ்வளவு நம்பலாம்? கம்ப்யூட்டர் எஞ்சினீயரே சொல்கிறார்!

ஓட்டல் சமையல்காரர் தம் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்? டாக்டருக்கே காய்ச்சல் வந்தால் அவர் என்ன மருந்து சாப்பிடுகிறார்?

இதைத் தெரிந்துகொள்ள எல்லோருக்கும் ஆசை உண்டு. ஏன்? அவர்கள் தொழிலின் உள்ளும் புறமும் அறிந்தவர்கள். அவர்கள் எதைத் தொடுகிறார்கள், எதைத் தொடுவதில்லை என்று பார்த்தால் போதும். எது நல்லது, எது கெட்டது என்று நமக்கும் விளங்கிவிடும்.

இன்று நம் எல்லோர் வீட்டிலும் கம்ப்யூட்டர் நுழைந்துவிட்டது. "எங்கள் வீட்டில் இல்லையே!" என்று சொல்லாதீர்கள். சட்டைப் பையில் இருக்கிறதே செல்போன், அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான்!

அந்தக் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்ப்பதையே தொழிலாகக் கொண்டவர் அதை எவ்வளவு நம்புகிறார்? இதை அறிய, சென்னையில் ஓர் எஞ்சினீயரைச் சந்தித்தோம்.

2000-ம் ஆண்டில் சென்னை தரமணியில் "டைடல் பார்க்" திறக்கப்பட்டது. அதன் பிறகு பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் கண்ணாடிக் கட்டிடங்கள் எழும்பின. அவற்றில் ஒன்றில் இவர் வேலை பார்க்கிறார். வயது 41. இந்தத் தொழிலில் 18 ஆண்டு அனுபவம். "கம்பெனியில் அனுமதி வாங்கவில்லை. பெயர் வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார். அதனால் பெயரைப் போடவில்லை.

வீட்டில் மனைவி, 12 வயது மகள், 74 வயதுத் தந்தை. தந்தை, தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

இரவில் விழிக்கும் வேலை

"உங்கள் வேலை என்ன?" என்று கேட்டோம்.

"அமெரிக்காவில் ஒரு வியாபார நிறுவனத்துக்குப் பல கடைகள் இருக்கின்றன. அந்தக் கடைகளின் கணக்கு முழுவதும் கம்ப்யூட்டரில் ஓடுகிறது. அது நிற்காமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. இங்கே இரவு என்றால் அங்கே பகல். ஆகவே, முறை வைத்து இரவில் விழித்திருப்போம். என் முறை வரும் வாரத்தில் போன் தலைமாட்டிலேயே இருக்கும். 2 மணிக்கு அடித்தாலும் எழுந்து உட்கார வேண்டும்" என்றார்.

"மற்ற வாரங்களில்?"

"போன் கூடத்தில் தூங்கும். நான் அறையில் தூங்குவேன்!" என்று சிரித்தார்.

"கம்ப்யூட்டர் பெரிய அறிவாளி என்கிறார்களே?"

"அறிவாளி அல்ல. அது ஒரு வேலைக்காரன். சொன்னதைச் சொன்னபடி செய்யும். மனிதன் ஒரு மாதம் போடும் கணக்கை ஒரு நொடியில் போடும். ஆனால் தவறாகச் சொல்லிக் கொடுத்தால், தவறையும் அதே வேகத்தில் செய்யும். ஒருவர் செய்த தவறு உலகம் முழுவதும் போய்விடும்" என்றார் அவர்.

உலகம் ஸ்தம்பித்த நாள்

அதற்கு ஓர் உதாரணமும் சொன்னார்.

2024-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி. உலகின் பல நாடுகளில் கம்ப்யூட்டர்கள் திடீரென்று நின்றன. திரை முழுவதும் நீல நிறம்! விமானங்கள் புறப்படவில்லை. ஆஸ்பத்திரிகளிலும் பாங்கிகளிலும் வேலை தடைப்பட்டது.

எதிரி நாட்டின் சதியா? இல்லை. திருடன் புகுந்தானா? அதுவும் இல்லை.

"கிரவுட்ஸ்டிரைக்" என்பது ஓர் அமெரிக்க நிறுவனம். கம்ப்யூட்டருக்குள் திருடன் புகாமல் காவல் காப்பது அதன் தொழில். தன் காவல் புரோகிராமில் அது ஒரு சிறு மாற்றம் செய்து, இன்டர்நெட் வழியாக அனுப்பியது. அதில் ஒரு பிழை. அவ்வளவுதான். சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் முடங்கின!

"அன்று நம் நாட்டு விமான நிலையங்களில் என்ன நடந்தது தெரியுமா?" என்று கேட்டார் எஞ்சினீயர். "பயணிகளுக்குச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்! பேனாவும் காகிதமும்தான் அன்று கைகொடுத்தன. முடங்கிய கம்ப்யூட்டர்களையும் பல இடங்களில் ஒவ்வொன்றாகப் போய், மனிதன் கையால்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. எந்திரம் இருக்கலாம். ஆனால் அதன் பக்கத்தில் ஒரு மனிதனும் இருக்க வேண்டும். 18 ஆண்டில் நான் கற்ற பாடம் இதுதான்."

வீட்டில் எப்படி?

இவருடைய வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். விந்தையான கருவிகள் நிறைந்திருக்கும் என்று எண்ணினோம். அப்படி ஒன்றும் இல்லை. மின்விசிறிக்குச் சாதாரண சுவிட்சுதான். வாசல் கதவுக்குச் சாதாரணப் பூட்டுதான்.

"போனாலேயே திறக்கும் பூட்டு வந்திருக்கிறதே! நீங்கள் வாங்கவில்லையா?"

"வாங்கவில்லை. போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் நான் வாசலில் நிற்பதா?" என்றார்.

டெலிபோன் வைத்திருக்கும் சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது. அதில் 10 நம்பர்கள் பெரிய எழுத்தில் எழுதியிருக்கின்றன. மகன், மருமகள், டாக்டர், பாங்கி, பக்கத்து வீடு ஆகியவற்றின் நம்பர்கள்.

"எல்லா நம்பரும் போனுக்குள் இருக்கிறது. போன் தொலைந்தால்? மனைவியின் நம்பர்கூட நமக்கு மனப்பாடம் இல்லையே!" என்கிறார் எஞ்சினீயர்.

மகளுக்கும் ஒரு சட்டம் உண்டு. கணக்கை முதலில் கையால் போட வேண்டும். பிறகு கம்ப்யூட்டரில் சரிபார்க்கலாம். சாப்பிடும்போது யார் கையிலும் போன் கூடாது. "அந்தச் சட்டத்தை மீறுகிறவர் அப்பா ஒருவர்தான்" என்று மகள் குட்டை உடைத்தாள்!

நன்மை இல்லையா?

"அப்படியானால் கம்ப்யூட்டரால் நன்மையே இல்லையா?" என்று கேட்டோம்.

"யார் சொன்னது? எவ்வளவோ நன்மை! முன்பெல்லாம் ரயில் டிக்கெட் வாங்க விடியற்காலையில் போய் வரிசையில் நிற்க வேண்டும். 2002-ம் ஆண்டிலிருந்து வீட்டில் இருந்தபடியே இன்டர்நெட்டில் வாங்குகிறோம். பென்ஷன் வாங்குகிறவர்கள், 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று ஆண்டுதோறும் நேரில் போய்ச் சான்று கொடுக்க வேண்டியிருந்தது. 2014-ம் ஆண்டில் 'ஜீவன் பிரமாண்' என்ற திட்டம் வந்தது. இப்போது கைரேகை வைத்தோ, போனில் முகத்தைக் காட்டியோ சான்று கொடுக்கலாம். முழங்கால் வலியோடு அப்பா பஸ் ஏற வேண்டியதில்லை" என்றார்.

"ஆனால் ஒன்று" என்று குறுக்கிட்டார் தந்தை. "மண் வெட்டி, பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த கைகள் இருக்கின்றனவே! ரேஷன் கடையில் சிலருக்கு ரேகை விழுவதில்லை. அப்போது, 'பாட்டி, கவலைப்படாதீர்கள்' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். எந்திரத்துக்கு அந்தப் பாட்டியைத் தெரியாது!"

தந்தை சொன்ன கதை

மகனுடைய சித்தாந்தத்துக்குச் சாட்சி தந்தையே! சென்ற ஆண்டு நடந்ததை அவர் சொன்னார். கேளுங்கள்:

"ஒரு நாள் காலை 11 மணி. வீட்டில் நான் மட்டும் இருந்தேன். போன் வந்தது. 'உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது' என்றான் ஒருவன். பிறகு திரையில் போலீஸ் உடுப்போடு இன்னொருவன் வந்தான். 'உங்களை டிஜிட்டல் முறையில் கைது செய்திருக்கிறோம். போனைத் துண்டிக்கக் கூடாது. யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் மகனையும் கைது செய்வோம்' என்றான். தம்பி, எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. 'பாங்கியில் உள்ள 6 லட்சம் ரூபாயை நாங்கள் சொல்லும் கணக்குக்கு அனுப்புங்கள். சோதித்துவிட்டுத் திருப்பித் தருவோம்' என்றான்.

"எனக்குப் போனில் பணம் அனுப்பத் தெரியாது. அதனால் பாங்கிக்குப் போனேன். போன் சட்டைப் பையில். பேச்சு துண்டிக்கவில்லை. டெபாசிட்டை உடைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கவுண்ட்டரில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்தாள். 'ஐயா, இவ்வளவு பணம் எதற்கு? யாருக்கு? வீட்டில் சொன்னீர்களா?' என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. பையிலிருந்த போனைக் கண்ணால் காட்டினேன். அந்தப் பெண் புரிந்துகொண்டாள். ஒரு துண்டுக் காகிதத்தில், 'போனை அணைத்துவிடுங்கள். இது மோசடி' என்று எழுதிக் காட்டினாள். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, மகனுக்கும் சொல்லி அனுப்பினாள்."

இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. 6 லட்சம் ரூபாய்! ஆயுள் முழுவதும் தந்தி அடித்துச் சேர்த்த பணம்!

"அப்பாவுக்குப் போனில் அனுப்பத் தெரிந்திருந்தால் பணம் ஒரு நொடியில் போயிருக்கும். கம்ப்யூட்டர், 'எதற்கு?' என்று கேட்டிருக்காது. கேட்டவள் அந்தப் பெண்தான்" என்றார் மகன்.

பூட்டு உடையவில்லை!

"இதில் திருடன் கம்ப்யூட்டரை உடைத்தானா?" என்று கேட்டோம்.

"இல்லை. பூட்டை உடைக்கவே இல்லை. வீட்டுக்காரரை மிரட்டி, அவர் கையாலேயே பூட்டைத் திறக்க வைக்கிறான். பயம்தான் அவன் சாவி. அவசரம்தான் அவன் ஆயுதம்" என்றார் எஞ்சினீயர்.

இந்த மோசடி பெருகியதால் 2024-ம் ஆண்டு அக்டோபரில் பிரதமரே வானொலிப் பேச்சில் மக்களை எச்சரித்தார். "டிஜிட்டல் கைது" என்று சட்டத்தில் ஒன்றுமே கிடையாது.

நம் வாசகர்களுக்காக எஞ்சினீயர் சொன்ன யோசனைகள் வருமாறு:

ஓ.டி.பி. என்பது ஒரு தடவை மட்டும் திறக்கும் சாவி. உங்கள் போன் உங்கள் கையில்தான் இருக்கிறதா என்று அறிய பாங்கி அதை அனுப்புகிறது. அதை இன்னொருவரிடம் சொன்னால், சாவியைக் கொடுத்ததற்குச் சமம். பாங்கி மானேஜர் என்று சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

யு.பி.ஐ. முறை 2016-ம் ஆண்டில் வந்தது. அதில் பணம் கொடுப்பதற்குத்தான் ரகசிய நம்பர் வேண்டும். பணம் வாங்குவதற்கு வேண்டாம். "உங்களுக்குப் பணம் வருகிறது, ரகசிய நம்பரைப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் அவன் திருடன்!

இப்போது ஒருவருடைய குரலைப் போலவே கம்ப்யூட்டர் பேசுகிறது. "அம்மா, விபத்தில் சிக்கிவிட்டேன், பணம் அனுப்பு" என்று மகன் குரலில் போன் வரலாம். ஆகவே, குடும்பத்துக்குள் ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் அதைக் கேளுங்கள்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்த அளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி உண்டு.

வேலை போய்விடுமா?

கடைசியாக ஒரு கேள்வி கேட்டோம். 2022-ம் ஆண்டு நவம்பரில் "சாட் ஜி.பி.டி." என்பது வெளிவந்தது. கேள்வி கேட்டால் மனிதனைப் போலப் பதில் சொல்கிறது. கம்ப்யூட்டர் புரோகிராமும் எழுதுகிறது. "எஞ்சினீயர்களின் வேலையையே அது பறித்துவிடாதா?"

அவர் சிறிது நேரம் பேசவில்லை.

"பொய் சொல்ல விரும்பவில்லை. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நாங்கள் முன்பு கொடுத்த சில வேலைகளை இப்போது அதுவே செய்கிறது. எனக்கும் பயம் உண்டு. வீட்டுக் கடன் இன்னும் 11 வருஷம் இருக்கிறதே! ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பதும் எனக்குத் தெரியும். கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வரும் என்று கணித்து எழுதுகிறது. உண்மையா என்று அதற்குத் தெரியாது. 2023-ம் ஆண்டில் நியூயார்க்கில் என்ன நடந்தது? 2 வக்கீல்கள் அதைக் கேட்டு எழுதி, கோர்ட்டில் மனு கொடுத்தார்கள். அதில் கண்ட பழைய தீர்ப்புகள் பல நடக்கவே நடக்காதவை! நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். அபராதம் யாருக்கு? எந்திரத்துக்கா? வக்கீல்களுக்குத்தான்! எழுதுவது எந்திரமாக இருக்கலாம். பொறுப்பு மனிதனுக்குத்தான்" என்றார்.

தந்தை தம் அனுபவத்தைச் சொன்னார். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது, "கட்டுக் கட" என்று ஒலி எழுப்பித் தந்தி அடித்தார். பிறகு டெலிபிரிண்டர் வந்தது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 2013-ம் ஆண்டு ஜூலையில் தந்தியே நின்றுபோயிற்று.

"ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கற்றுக்கொண்டேன், பிழைத்தேன். கற்க முடியாமல் கஷ்டப்பட்ட நண்பர்களும் உண்டு. ஆகையால், புது எந்திரம் வாங்குகிற முதலாளி, பழைய ஆளுக்கும் அதைக் கற்றுக் கொடுக்க வேண்டும். அதுதான் நியாயம்" என்றார் அந்தப் பெரியவர்.

3 கேள்விகள்

கம்ப்யூட்டர் வேண்டாம் என்று இந்த எஞ்சினீயர் சொல்லவில்லை. அதனால்தான் அவர் சோறு சாப்பிடுகிறார். வேலையை எந்திரத்திடம் கொடு. யோசனையைக் கொடுக்காதே என்பதே அவருடைய கருத்து.

பாங்கியில் அந்தப் பெண் 3 கேள்விகள் கேட்டாள் அல்லவா? "எதற்கு? யாருக்கு? வீட்டில் சொன்னீர்களா?"

உலகத்தில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களும் நமக்காக வேலை செய்யும். ஆனால் நம் முகத்தைப் பார்த்து, அக்கறையோடு அந்த 3 கேள்விகளைக் கேட்க ஒரு மனிதர் வேண்டும். அப்படி ஒருவர் அருகில் இல்லாவிட்டால், பட்டனை அழுத்துவதற்கு முன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதற்கு ஒரு நிமிஷம்தான் ஆகும். ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்துக்காக ஒரு நிமிஷம் செலவு செய்யக் கூடாதா?