புத்தகக் கிரிக்கெட்டில் சிறந்த ஆட்டக்காரர் யார்?

வெள்ளக்கடையில் நானும் என் கூட்டாளியும் 2000ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு கிரிக்கெட் லீக் நடத்தினோம். மட்டை, பந்து, மைதானம் எதுவும் கிடையாது. சேர்வராயன் மலையில் இருபத்திரண்டு கஜம் சமதளம் கிடைப்பதே கஷ்டம். கிடைத்தாலும் ஓங்கி அடித்த பந்து காப்பிச் செடிக்குள் போனால் போனதுதான். ஆகவே எங்கள் ஆட்டம் கோனார் தமிழ் உரைக்குள் நடந்தது. (பின்னாளில் தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு அந்தப் புத்தகம் அதைவிடப் பெரிய பயன் எதையும் தரவில்லை என்று சொன்னால் மிகையில்லை.) மூடிய புத்தகத்தைக் கண்டபடி பிரிக்க வேண்டும். இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ரன். பூஜ்யம் வந்தால் அவுட். எட்டு வந்தால் ஒரு ரன். ஆறு அணிகள், ஒவ்வொன்றிலும் பதினோரு பேர், ஒவ்வொரு அணியும் மற்ற அணிகளோடு இரண்டு முறை மோத வேண்டும். எல்லாம் ஒரு கணக்கு நோட்டில் ஏறியது. லீக் முடிந்ததும் பட்டியல் போட்டோம். முதலிடத்தில் வெங்கடேஷ் பிரசாத்.

"டேய், பிரசாத்து எப்டிடா பெஸ்ட் பேட்ஸ்மேன்?"

"நோட்ல அப்டித்தான இருக்கு."

இந்த இரண்டு வாக்கியங்களுக்கு இடையில் இருக்கும் பிரச்சினையைத்தான் எழுத வந்தேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். இடப்பக்கம் எப்போதும் இரட்டைப்படை எண்தான். எனவே கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 என ஐந்தில் ஒன்று. அதாவது ஒவ்வொரு பிரிப்பிலும் அவுட் ஆவதற்கு ஐந்தில் ஒரு வாய்ப்பு. அவுட் ஆகாத பிரிப்பு ஒன்றுக்குச் சராசரி 3.25 ரன். அவுட் ஆவதற்குள் சராசரியாக நான்கு முறை தப்பலாம். ஆக ஒரு இன்னிங்சுக்கு 13 ரன், பத்து இன்னிங்சுக்கு 130. இது டெண்டுல்கருக்கும் பிரசாத்துக்கும் ஒன்றேதான். புத்தகத்துக்கு யார் பெயரும் தெரியாது. இதைவிடச் சமத்துவமான ஆட்டம் உலகில் இல்லை. ஆனால் 66 பேரும் சமம் என்பதால் 66 பேரும் 130 எடுப்பார்கள் என்று நினைத்தால் அது தவறு. சிதறல் பெரிது. பட்டியலின் உச்சியில் இருப்பவர் 250ஐத் தாண்டிக்கூடப் போவார். அடியில் இருப்பவர் 50ஐ ஒட்டித் தவிப்பார். எவனோ ஒருவன் சராசரியைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எடுப்பான். அந்த எவனோ ஒருவனுக்கு நாங்கள் கதை கட்டினோம். பிரசாத் அழுத்தத்தில் நன்றாக ஆடுவார், பெரிய அணிகளுக்கு எதிராக எழுந்து நிற்பார், இப்படியெல்லாம். பக்கம் புரண்டதற்கு உளவியல்!

இதே வேலையை அமெரிக்கர்கள் பேஸ்பாலில் பெரியவர்களாகச் செய்தார்கள். 1961இல் ஹால் ரிச்மன் என்பவர் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் ஆட்டத்தில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஓர் அட்டை. மூன்று பகடைகள். முதல் பகடையில் 1, 2, 3 விழுந்தால் அடிப்பவரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 விழுந்தால் எறிபவரின் அட்டையை. மற்ற இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை அந்த அட்டையில் எந்த வரி என்று சொல்லும். எங்கள் கோனார் உரையில் ஆள் என்பதே கிடையாது. இதில் ஆள் உண்டு, அவருடைய நிஜப் புள்ளிவிவரம் அட்டையில் அச்சாகியிருக்கிறது. ஒரு சம்பவத்தில் பாதிப் பொறுப்பு அடிப்பவருக்கு, பாதிப் பொறுப்பு எறிபவருக்கு என்பது பகடையிலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. விளையாட்டு விதி என்ற பெயரில் அங்கே உட்கார்ந்திருப்பது ஒரு கோட்பாடு. அதை யாரும் விவாதிப்பதில்லை, உருட்டுகிறார்கள். 1980இல் டேனியல் ஓக்ரெண்ட் என்ற பத்திரிகையாளர் நண்பர்களோடு ஆரம்பித்த ரோட்டிசரி லீக் அடுத்த கட்டம். நடந்துகொண்டிருக்கும் நிஜ ஆட்டங்களின் எண்களை வைத்துக் கற்பனை அணிகள் மோதும். நியூயார்க்கில் அவர்கள் கூடிச் சாப்பிட்ட ஓட்டலின் பெயரே லீக்கின் பெயர். நம்மூரில் ட்ரீம் லெவன் வரைக்கும் நீளும் பாதை இது.

நம் ஐபிஎல்லில் 'மிக மதிப்புவாய்ந்த ஆட்டக்காரர்' என்றொரு பட்டம் உண்டு. அதற்கான புள்ளிக் கணக்கு: பவுண்டரிக்கு 2.5, சிக்சருக்கு 3.5, விக்கெட்டுக்கு 3.5, கேட்சுக்கு 2.5, ரன் விடாத பந்துக்கு 1. சரி, ஓடி எடுத்த ஒரு ரன்னுக்கு? இரண்டு ரன்னுக்கு? ஒன்றும் கிடையாது. வியர்வை கணக்கில் வராது. சுனில் நரைன் 2012, 2018, 2024 என மூன்று முறை இந்தப் பட்டத்தை வாங்கினார். நரைன் பெரிய ஆட்டக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் ரன் விடாமல் பந்து போட்டு, விக்கெட் எடுத்து, பிறகு முதல் ஆளாக இறங்கி ஓடாமல் எல்லையைத் தாண்டி அடிக்கிற ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு யாராவது விதி எழுதச் சொன்னால் இந்த விதியைத்தான் எழுதுவார்கள். ட்ரீம் லெவனின் பழைய கணக்கு வேறு: ஒரு ரன்னுக்கு 1, விக்கெட்டுக்கு 25. அங்கே ஒரு விக்கெட் ஒரு சிக்சருக்குச் சமம். இங்கே 25 ரன்னுக்குச் சமமாக இருந்தது. அதோடு நாம் 'கேப்டன்' என்று குறித்தவருக்குப் புள்ளிகள் இரட்டிப்பாயின. களத்தில் அவர் கேப்டனா இல்லையா என்பது பொருட்டே அல்ல. மதிப்பு என்பது ஆட்டக்காரருக்குள் இருக்கும் சரக்கு என்று நம்புகிற நண்பர்கள் இந்த இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

பேஸ்பாலிலும் இந்தக் கதை உண்டு. அந்த ஆட்டத்துக்கு எண்களின் மொழியைக் கொடுத்தவர் ஹென்றி சாட்விக். 1824இல் இங்கிலாந்தில் எக்ஸட்டரில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்கா போனவர். கிரிக்கெட் செய்தி எழுதிவிட்டு அப்புறம் பேஸ்பாலுக்கு வந்தவர். அடிப்பவர் அடிக்காமல் பொறுத்து நின்று, தவறான பந்துகளை விட்டுவிட்டு முதல் தளத்துக்கு நடந்துபோவதை அவர் அடிப்பவரின் சாதனையாகக் கருதவில்லை. எறிபவரின் பிழையாகக் கருதினார். பொறுமை நூறாண்டுக்கு மேல் அதற்குரிய மதிப்பைப் பெறவில்லை. அதை மாற்றியதில் பெரும்பங்கு பில் ஜேம்சுக்கு உண்டு. கான்சாசில் டப்பாவில் இறைச்சியும் அவரையும் அடைக்கிற ஆலையில் இரவுக் காவலாளியாக இருந்துகொண்டு எண்களைக் கிளறியவர். 1977இல் முதல் தொகுப்பைத் தானே வெளியிட்டார். தோழர்கள் கவனிக்க: எது மதிப்பு என்ற கேள்வியை மறுபடி கேட்டது கிளப் முதலாளிகள் அல்ல, ராத்திரி காவல்காரர்.

பேஸ்பால் கணக்கர்கள் இன்னொன்றும் செய்தார்கள். மைதானத்தையே கணக்கில் சேர்த்தார்கள். டென்வர் நகரம் கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரத்தில் இருக்கிறது, கிட்டத்தட்ட நம் ஏற்காட்டு உயரம். காற்று மெலிந்திருப்பதால் பந்து கூடுதல் தூரம் பறக்கும். அங்கே ஆடுகிறவனின் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, மைதானத்துக்கான கழிவு போக மீதிதான் அவனுடையது என்கிறார்கள்.

அதே உயரத்தில் இருக்கும் எங்கள் மலையில் இந்தக் கழிவை யாரும் போட்டதில்லை. கூட்டாளியின் அம்மா காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தவர். எந்தத் தோட்டம் என்பது இங்கே வேண்டாம். சாயங்காலம் மூட்டையைத் தராசில் வைத்தால் அன்றைய எடை பெயருக்கு நேராக ஏறும். அதிக எடை போட்ட பெண் கெட்டிக்காரி, குறைந்தவள் சோம்பேறி. எந்த வரிசையில் யாரை இறக்குவது என்பது மேஸ்திரி கையில். காய்ப்பு அடர்ந்த சரிவும் உண்டு, நிழல் விழுந்து காய்ப்பு சொட்டையான மூலையும் உண்டு. மேஸ்திரியிடம் எதிர்த்துப் பேசியவளுக்கு எந்த மூலை கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "கையி ஒண்ணுதாண்டா, செடிதான் வேற" என்று அந்த அம்மா சொன்னதைக் கேட்டபோது எனக்கு வயது பத்து. டென்வர் மைதானத்தைப் பற்றிப் படிக்கும்வரை அது புரியவில்லை. ஆனாலும் தராசு பொய் சொல்லவில்லை, கிலோ கிலோதான். தராசு எதைக் கேட்கவில்லை என்பதில்தான் அரசியல்.

இனிப் பூஜ்யத்துக்கு வருகிறேன். ஒருவர் எவ்வளவு மதிப்புள்ளவர் என்று அளக்க வேண்டுமானால் எங்கிருந்து அளப்பது? ஒன்றுமில்லாததிலிருந்தா, சராசரியிலிருந்தா? பேஸ்பால்காரர்கள் மூன்றாவதாக ஒரு புள்ளியைக் கண்டுபிடித்தார்கள். அவர் காயம்பட்டு உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கே குறைந்த கூலிக்குக் கூப்பிட்டவுடன் ஓடிவரக்கூடிய ஒருவன் இருக்கிறானே, அவன்தான் பூஜ்யம். அவனை விட எத்தனை வெற்றிகளைக் கூடுதலாகத் தந்தார் என்பதே நட்சத்திரத்தின் மதிப்பு. இந்த ஓடிவருகிறவனுக்கு நம் ஆலைகளில் பழைய பெயர் ஒன்று உண்டு: பதிலி. கேட்டுக்கு வெளியே நின்று, யாராவது வராவிட்டால் உள்ளே கூப்பிடப்படுகிறவன். பேஸ்பாலின் மிக நுட்பமான மதிப்பீட்டு முறை பதிலியைப் பூஜ்யமாக வைத்துக் கட்டப்பட்டது. கணக்காக இது மிகச் சரி என்றே சொல்வேன், சராசரியிலிருந்து அளப்பதை விட நேர்மையானதும்கூட. ஆனால் பதிலி ஏன் மலிவாகக் கிடைக்கிறான் என்ற கேள்வி கணக்குக்கு வெளியே நிற்கிறது. அவன் திறமை குறைந்தவன் என்பதாலா, கேட்டுக்கு வெளியே நிறைய பேர் நிற்பதாலா? கணக்கில் இரண்டுக்கும் ஒரே எண்தான்.

இந்த மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. சின்னப்பம்பட்டி நடராஜன் தறித் தொழிலாளியின் மகன். டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர். 2017 ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்குப் போனார். 2020 கடைசியில் ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சியில் பந்து போடுவதற்காகத்தான் கூட்டிச் சென்றார்கள். அடுத்தடுத்து ஆட்களுக்குக் காயம். ஒருநாள் ஆட்டம், இருபது ஓவர் ஆட்டம், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று ஒரே பயணத்தில் மூன்றிலும் அறிமுகமானார்; அதுவரை எந்த இந்தியருக்கும் அப்படி அமைந்ததில்லை. அந்த டெஸ்டின் முதல் இன்னிங்சில் மூன்று விக்கெட். அதாவது பூஜ்யம் என்று குறிக்கப்பட்டவர் உள்ளே போய் எண்ணாக மாறினார். அவர் காலில் யாரும் காயம்படாத ஒரு பயணம் நடந்திருந்தால்? 2024 நவம்பர் ஏலத்தில் 10.75 கோடிக்குப் போன அதே கைதான், வலையிலேயே இருந்திருக்கும். அப்படி வலையிலேயே நின்றுவிட்ட கைகளுக்குப் பட்டியல் கிடையாது.

திறமையா அதிர்ஷ்டமா என்று நீதிமன்றங்களும் மண்டையை உடைத்துக்கொண்டன. ரம்மி திறமை என்று 1967இல் உச்ச நீதிமன்றம். குதிரைப் பந்தயம் திறமை என்று 1996இல், அது நம் சென்னைப் பந்தயக் கிளப் சம்பந்தப்பட்ட வழக்கு. கற்பனை அணி ஆட்டமும் திறமையே என்று 2017இல் பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றம். கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சையே விட்டுவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை மொத்தமாகத் தடைசெய்தது. ட்ரீம் லெவன் பணப் போட்டிகளை நிறுத்தியது. அதற்கு முன்பு டீக்கடையில் பசங்களிடம் பேசியபோது எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "ஜெயிச்சவன் இருக்கான்ல அண்ணே, அப்ப திறமைதான?" எங்கள் நோட்டிலும் ஜெயித்தவன் இருந்தான். முதலிடத்தில் ஒருவன் இருக்கிறான் என்பது திறமைக்குச் சாட்சி ஆகாது. 66 பேர் புத்தகம் பிரித்தாலும் ஒருவன் முதலிடத்துக்கு வருவான்.

இலக்கியப் பட்டியல்களைப் பற்றி இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் வாசகர்கள் என்னை விடமாட்டார்கள். க.நா.சு. பட்டியல் போட்டார், காரணம் சொல்லவில்லை என்பது பழைய குற்றச்சாட்டு. கைலாசபதி தொடங்கிப் பலர் அவரைத் தாக்கியிருக்கிறார்கள். எனக்கு க.நா.சு. மீது அந்தக் கோபம் இல்லை. அவர் பட்டியலில் குறைந்தபட்சம் போட்டவரின் கையெழுத்து தெரியும், சண்டை போட ஓர் ஆள் இருப்பார். புள்ளி அட்டவணைக்கு முகம் கிடையாது. 2.5 என்று யார் முடிவுசெய்தார் என்று கேட்டால் யாரைப் போய்ப் பிடிப்பது?

ராபர்ட் கூவர் 1968இல் எழுதிய பேஸ்பால் நாவல் ஒன்று இருக்கிறது. ஹென்றி வா என்ற கணக்கர் தனி அறையில் பகடை உருட்டி ஒரு முழு லீக்கை நடத்துகிறார். அவருக்குப் பிரியமான இளம் ஆட்டக்காரன் ஒருவனைப் பகடை கொன்றுவிடுகிறது. பந்து தலையில் பட்டுச் சாகிறான் என்பது அட்டவணையின் தீர்ப்பு. அதைத் தாங்க முடியாத ஹென்றி பிற்பாடு ஒரு தருணத்தில் பகடையைக் கையால் திருப்பிவைத்து, பந்து எறிந்தவனைக் கொல்கிறார். கடவுள் தன் விதியை மீறுகிற இடம் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை.

ஏனென்றால் நானும் திருப்பியிருக்கிறேன். இரண்டாவது சீசன். டெண்டுல்கர் பட்டியலில் நாற்பதாவது இடத்துக்குப் பக்கத்தில் கிடந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. பழைய புத்தகம் முதுகு ஒடிந்த இடத்தில்தான் விரியும்; 6இல் முடிகிற ஒரு பக்கத்தை நன்றாக அழுத்தி மடித்துவைத்தேன். டெண்டுல்கர் ஆடும்போது மட்டும் விரல் அங்கே போகும். நான்கு ஆட்டத்தில் மேலே வந்துவிட்டார். பட்டியல் இப்போது உலகத்தோடு ஒத்துப்போனது. கூட்டாளி ஒன்றும் சொல்லாமல் நோட்டைப் புரட்டிப் பார்த்தான். "ஏண்டா, இவரு மட்டும் ஆறு ஆறா அடிக்கிறாரு?" என்றான். "அவரு டெண்டுல்கர்டா" என்றேன். தலையாட்டிவிட்டான்.

அடுத்த வருடம் அவன் பள்ளிக்கு வரவில்லை, தோட்டத்தில் சேர்ந்துவிட்டான். முதலில் தற்காலிகம் என்றார்கள். போன மாதம் வெள்ளக்கடைக்குப் போயிருந்தேன். மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடியில் நின்று பேசினோம். மடித்த பக்கத்தைப் பற்றி இருபத்தைந்து வருடம் கழித்துச் சொல்லிவிட்டேன். அவனுக்கு அது அப்போதே தெரியுமாம்.

"அத வுடு," என்றான். "அந்த மொத நோட்டு வச்சிருக்கியா? பிரசாத்து எத்தன ரன்னுடா?"