வாலைக்கு உயிர் தண்ணீர்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏற இரண்டு வழிகள் உண்டு. அடிவாரம் வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது எல்லோரும் அறிந்தது. மற்றொன்று குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாகப் போவது. காப்பித் தோட்டங்களும், சில்வர் ஓக் மரங்களைப் பற்றி ஏறும் மிளகுக் கொடிகளும் இந்த வழி நெடுகக் கூடவே வரும்.

இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன். ஸ்காட்லாந்துக்காரர். விஸ்கிக்குப் பேர்போன நாட்டிலிருந்து வந்தவர் இங்கே ஊன்றிவிட்டுப் போனது காப்பியை. ஆவியாக்கிக் குளிரவைக்கும் கலமான வாலையில் வடிப்பதற்கென்றே வளர்க்கப்படும் ஜெரேனியம் என்ற செடி, பின்னால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு பிரெஞ்சுத் தோட்டக்காரர் மூலமாக ஏற்காட்டுக்கு வந்தது. இந்தியாவில் இந்த வாசனைப் பயிர் முதலில் வேர் பிடித்தது இந்த மலையில்தான்.

ஜெரேனியம் இலையைக் கிள்ளி விரலிடுக்கில் கசக்கினால் ரோஜா மணம் வரும். இத்தனைக்கும் அந்த மணம் இருப்பது பூவில் அல்ல, இலையில். இலை முழுக்க மெல்லிய ரோமம். அவற்றில் சில ரோமங்களின் நுனியில் குண்டூசித் தலைபோல நுண்ணிய பை. எண்ணெய் அதற்குள் இருக்கிறது. நூறு கிலோ பச்சைத் தழையை வடித்தால் நூறு முதல் இருநூறு கிராம் எண்ணெய்தான் தேறும். சோப்பிலும் அத்தரிலும் ரோஜா மணம் என்று நாம் முகர்வதில் ஒரு பங்கு இந்த இலையின் கொடை.

அந்த எண்ணெயைப் பிரிப்பது எப்படி? அதிலுள்ள ஜெரானியால் என்ற பொருள் 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். அவ்வளவு சூட்டில் தழை கருகிப்போகும். இங்கேதான் வாலையின் சாமர்த்தியம் தெரிகிறது. தழைக்கு அடியிலிருந்து நீராவியை விட்டால், எண்ணெயின் ஆவி அழுத்தமும் தண்ணீரின் ஆவி அழுத்தமும் ஒன்றோடொன்று கூடிக்கொள்கின்றன. அதனால் நூறு டிகிரிக்குச் சற்றுக் கீழேயே இரண்டும் கைகோத்து எழும்புகின்றன. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். உலையில் அரிசி வேக நேரமாகும் உயரம் அது. ஆனால் இலையின் மணத்துக்கு அந்தக் குறைந்த சூடு ஒன்றும் கெடுதல் இல்லை.

எழும்பிய ஆவி வளைந்த கழுத்து வழியாகக் குளிர்ந்த நீரில் மூழ்கிய குழாய்க்குள் இறங்குகிறது. வெளியே சொட்டுவது தண்ணீரும் எண்ணெயும். எண்ணெய் லேசானது, மேலே மிதக்கும், அதை வழித்தெடுத்துக்கொள்ளலாம். நீலகிரித் தைலமும் இப்படி வடித்ததுதான். சித்த மருத்துவத்தில் தீநீர் என்று சொல்வதும் இதே வாலையில் இறங்கியதுதான்.

பார்க்கிறவர்கள் கண் அடுப்பின் மேலேயே இருக்கும். வாலையின் உயிரோ குளிர்விக்கும் தண்ணீரில் இருக்கிறது. அது சூடேறிவிட்டால் ஆவி படியாமல் காற்றோடு போய்விடும். பல மணி நேர உழைப்பும் விறகும் வீண். கோடையில் ஓடை வற்றும் மலையில் வாலை வைப்பவர் முதலில் பார்க்கவேண்டியது விறகை அல்ல, தண்ணீரை.

விஸ்கி வடிக்கும் வாலைக்கும் இதே கதைதான். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் லாகவூலின், லஃப்ரோய்க் போன்ற விஸ்கி ஆலைகள் கடலோரத்தில் நிற்கின்றன. பார்லியும் பீப்பாயும் படகில் வந்துபோக அந்த இடம் ஒரு காலத்தில் வசதியாக இருந்தது. ஆனால் ஆலை எங்கே இருந்தாலும் குளிர்ந்த நீர் அதற்கு வேண்டும். ஊறல் போடவும் ஆவியைக் குளிர்விக்கவும் தேவை நீர்தான். இப்படி நீர்க்கரையில் நிற்கும் ஆலைகள் சில, இப்போது பார்வையாளர்களுக்குக் காக்டெயில் கலக்கும் வகுப்பும் நடத்துகின்றன. சாராயம், சர்க்கரை, தண்ணீர், கசப்புச் சாறு ஆகியவற்றின் கலவையே காக்டெயில் என்று 1806இலேயே ஓர் அமெரிக்கப் பத்திரிகை விளக்கம் எழுதியது. இன்றைய வகுப்புகளில் கலந்து முடித்தபின் கோப்பைக்கு மேலே ஆரஞ்சுத் தோலை வளைத்து அழுத்தச் சொல்வார்கள். நம் பிள்ளைகள் ஒருவர் கண்ணில் ஒருவர் பீய்ச்சி விளையாடும் அதே தோல். தெறிப்பது அதே வாசனை எண்ணெய்.

வாலை செய்ய முடியாத வேலையும் ஒன்று உண்டு. எரிசாராயம் 78 டிகிரியில் கொதிக்கும். நஞ்சான மெத்தனால் 65 டிகிரியில். அப்படியானால் பிரித்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் இரண்டும் கலந்துவிட்டால் சாதாரண வாலையில் அவற்றை முழுசாகப் பிரிக்க முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலைக்கு அண்டை மலையான கல்வராயனுக்கு அருகிலுள்ள ஊர் அது. மணத்தையோ நிறத்தையோ வைத்து அந்த நஞ்சை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கைத் தொடங்கியது ஏற்காடு உள்ள சேலம் மாவட்டத்தில்தான். அந்த ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின்படி வீட்டில் சாராயம் காய்ச்சுவது இன்றைக்கும் குற்றம்.

ஆனால் ஓமத் தீநீர் வடிக்கத் தடை ஏதும் இல்லை. அகலமான பாத்திரத்தில் தண்ணீரும் இரண்டு கரண்டி இடித்த ஓமமும் போட்டு, நடுவில் முக்காலி போல ஒன்றை வைத்து அதன்மேல் ஒரு கிண்ணத்தை வையுங்கள். குவிந்த மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் பள்ளத்தில் குளிர்ந்த நீர் ஊற்றிச் சிறு தீயில் வையுங்கள். அரை மணியில் கிண்ணத்தில் தெளிந்த நீர் சேரும்; அதன் மணம் வீடு முழுக்கப் பரவும். மூடிமேல் உள்ள தண்ணீர் சுட ஆரம்பித்ததும் மாற்றிவிட மறக்காதீர்கள்.