அப்டேட் எங்கிருந்து வருகிறது?

டெபியன் லினக்ஸின் 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியானது. அதற்கு ஒரு மாதம் முன்பே, சோதனையில் இருந்தபோதே, இரண்டு மாணவர்கள் அதை இன்ஸ்டால் செய்ததாக வைத்துக்கொள்வோம். ஒருவர் ஸ்ரீரங்கம் சித்திரை வீதிக்காரர். மற்றவர் துவாக்குடியில் விடுதி மாணவர்.

அப்டேட்டை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்பது டெபியனில் ஒரு சிறிய கோப்பில் எழுதியிருக்கும். ஸ்ரீரங்கத்துக் கணினியில் பதிப்பின் பெயரான ‘ட்ரிக்ஸி’ இருக்கிறது. துவாக்குடிக்காரர் அதை அழித்துவிட்டு, அவ்வப்போது சோதனையில் இருக்கும் பதிப்பைக் குறிக்கும் ‘டெஸ்டிங்’ என்று மாற்றிவிட்டார். ஆகஸ்ட் 8 வரை இரண்டுக்கும் வந்தவை ஒரே பேக்கேஜ்கள்தான். வெளியீட்டுக்குப் பிறகு ஸ்ரீரங்கத்துக் கணினி 13ஆம் பதிப்பிலேயே நின்று, பாதுகாப்புத் திருத்தங்களையும் முக்கியமான பிழைதிருத்தங்களையும் மட்டும் வாங்கிக்கொள்கிறது. துவாக்குடிக் கணினியோ இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் அடுத்த பதிப்பான ‘ஃபோர்க்கி’க்குத் தாவிவிடுகிறது. டெபியனின் இன்ஸ்டாலர் தானாக எழுதுவது பதிப்பின் பெயரைத்தான்.

இந்தத் தேர்வைப் பெரும்பாலும் நமக்காக வேறு யாரோ செய்துவிடுகிறார்கள். 2011இல் ஸ்ரீரங்கத்தில் வென்று முதல்வரான ஜெயலலிதாவின் அரசு வழங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு, மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கியது அது. அப்டேட் முகவரியும் அதோடு சேர்ந்தே வந்தது.

இன்னொரு லினக்ஸான ஃபெடோராவின் கணக்கு வேறு. அதன் பீட்டாவை இன்ஸ்டால் செய்தால், இன்னும் சோதித்து முடிக்காத பேக்கேஜ்களின் களஞ்சியமான ‘அப்டேட்ஸ் டெஸ்டிங்’ தானாகவே இயங்கும். பீட்டாவுக்கு வருபவர் சோதிக்கவே வருகிறார். அவர் ஓட்டிப்பார்த்துச் சொல்லும் கருத்தை வைத்துத்தான் பேக்கேஜ் அடுத்த கட்டத்துக்குப் போகும். இறுதி வெளியீட்டை ஒட்டி அந்தக் களஞ்சியம் அணைக்கப்படும்.

இப்படி முன்கூட்டியே சோதிப்பதற்கும் ஒரு விலை உண்டு. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், டெபியனின் நிலையற்ற கிளையான ‘சிட்’டில் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். துருவிப் பார்த்ததில், எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்கதவு வைத்திருந்தது மார்ச் 29 அன்று அம்பலமானது. டெபியனின் நிலையான பதிப்புக்கு அது எட்டவில்லை. ஃபெடோரா 40 பீட்டாவிலும் நிலையான களஞ்சியத்தை மட்டும் நம்பியவர்கள் தப்பினார்கள். சோதனைக் களஞ்சியம் வழியாக 5.6.0 சிலருக்கு வந்து சேர்ந்திருக்கக்கூடும்.

பீட்டாவிலிருந்து ஃபெடோராவின் இறுதிப் பதிப்புக்கு வருபவர் களஞ்சியம் அணைந்துவிட்டதா என்று பார்ப்பதோடு ‘டிஎன்எஃப் டிஸ்ட்ரோ-சிங்க்’ கட்டளையையும் ஒருமுறை ஓட்ட வேண்டும். முன்பே இறங்கிவிட்ட சோதனைப் பேக்கேஜ்களை நிலையான பதிப்புக்குத் திருப்புவது அதுதான்.