கொல்லைப்புறத்தில் வேண்டாம், முற்றத்தில் வையுங்கள்

சத்துணவு முடிந்த நேரத்தில் நம்ம ஊர்ப் பள்ளிக்குள் போய்ப் பாருங்கள். கை கழுவுற தண்ணி, தட்டு கழுவுற தண்ணி எல்லாம் சுவருக்குப் பின்னால் தேங்கி, சோற்றுப் பருக்கை ஊறி நாறும். உள்ளே சுற்றுச்சூழல் பாடம் நடக்கும்.

வங்கியில் கணக்குப் பார்த்துப் பழகிய புத்தி எனக்கு. பிள்ளைக்கு 2 லிட்டர் என்று குறைத்தே வைத்தாலும் 200 பிள்ளைகளுக்கு நாளைக்கு 400 லிட்டர். 200 பள்ளி நாளுக்கு 80,000 லிட்டர். இதை விட்டுவிட்டு, கோடையில் மரக்கன்றுக்குத் தண்ணி இல்லை என்கிறோம்.

அமெரிக்காவின் வாஷிங்டனில் சிட்வெல் பிரண்ட்ஸ் என்றொரு பள்ளி. ஒபாமாவின் மகள்கள் படித்த, காசுள்ளவர்கள் பள்ளி. அங்கே 2006-ல் திறந்த கட்டடத்தில், கழிவுநீரைச் செடிகள் வளர்த்த படிப்படியான பாத்திகளில் விட்டுச் சுத்தமாக்கி, கழிப்பறைக்கே திருப்புகிறார்கள். அந்தச் செலவு நமக்குக் கட்டாது. கழிப்பறைத் தண்ணியை நாம் தொடவும் வேண்டாம். ஆனால் அந்தப் பாத்தியை அவர்கள் ஒளித்து வைக்கவில்லை. முற்றத்திலேயே, பிள்ளைகள் கண்ணில் படுகிற மாதிரி வைத்தார்கள். நாம் 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி, குழாயை மண்ணுக்குள் இறக்கினோம். அது அடைத்துக் கிடந்தாலும் யார் கண்ணுக்கும் தெரியாது.

நமக்கு வேண்டியது எளிது. பருக்கையைப் பிடிக்க ஒரு வலை, மண்டி தங்க ஒரு சிறு தொட்டி, அடுத்து முழங்கால் ஆழப் பள்ளம். அடியில் பெரிய ஜல்லி, மேலே சின்ன ஜல்லி, அதில் கல்வாழை, கோரை, சேம்பு. தண்ணி ஜல்லிக்குள்ளேயே ஓடணும். மேலே நின்றால் கொசுதான். வேரைச் சுற்றியுள்ள நுண்ணுயிர்கள் வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதனால் பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணி இதில் வரக் கூடாது. அமுதக் கரைசல் ஊத்துற நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெளியே வரும் தண்ணி வாழைக்கும் முருங்கைக்கும். பச்சையாய்த் தின்னும் காய்க்கு வேண்டாம்.

உள்ளே போகும் தண்ணியையும் வெளியே வரும் தண்ணியையும் இரண்டு பாட்டிலில் பிடித்து வைத்தால் அறிவியல் பாடம் அங்கேயே ஆச்சு. வலையைச் சுத்தம் பண்ணுகிற வேலையை மட்டும் பிள்ளைகள் தலையில், அதிலும் 'குறிப்பிட்ட' பிள்ளைகள் தலையில், கட்டிவிடக் கூடாது. அதற்குக் கூலி கொடுத்து ஆள் வைக்கணும்.

நம்மில் பலர் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறோம். புதுக் கட்டடம் வருகிற ஊர்களில் வரைபடம் போடும்போதே பேசிவிடுங்கள். கை கழுவும் இடம் எங்கே, சரிவு எந்தப் பக்கம் என்று பாருங்கள். சரிவு முற்றத்துப் பக்கம் இருந்தால் மோட்டாரே வேண்டாம்.