டிரௌட் மீனும் தூண்டிற்கோலும்

கோடை விடுமுறையில் குலுப் பக்கம் செல்லும் தில்லித் தமிழன்பர் சிலர், தீர்த்தன் ஆற்று டிரௌட் மீனைப் பிடிக்க என்ன வாங்கலாம் என்று நம்மை வினவுகின்றனர். ஆங்கிலேயர் காலத்தில் இமயத்திற்குக் கொணரப்பட்ட மீன் இது. நமது நீலகிரிக்கும் அவ்வாறே வந்தது. அங்கே அவலாஞ்சியில் 1907-இல் பொரிப்பகம் அமைத்தனர்.

மண்புழு வேண்டா, கொக்கியில் இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சியே இரை. பூச்சிக்கோ எடையில்லை. அதைத் தொலைவில் கொண்டு சேர்ப்பது தடித்த கயிற்றின் கனமே. இதனை அறியாது நாம் முதன்முறை பளபளக்கும் உருளைக்குப் பணத்தைக் கொட்டிவிட்டுக் கயிற்றில் சிக்கனம் பிடித்தோம். கோல் ஐந்தாம் எண், மலிவாய்க் கிடைத்த கயிறோ மூன்றாம் எண். பையன் கரையில் ஆவலோடு நிற்க, பூச்சி நமது தொப்பியிலேயே தங்கிற்று! அரைமாதச் சம்பளம் போன கதை வீட்டில் இன்றும் பேசப்படுகிறது.

ஆகவே, 9 அடி நீளமுள்ள ஐந்தாம் எண் கோலையே கேட்டு வாங்குக. நான்கு துண்டாகப் பிரிவதாயின் இரயிலிலும் மலைப் பேருந்திலும் இடைஞ்சலில்லை. கயிறும் அதே எண்ணாயிருத்தல் வேண்டும். உருளை எளியதே போதும்; சிற்றாற்றில் அது கயிறு சுற்றும் கட்டைதான். கயிற்று நுனியில், முனைநோக்கி மெலியும் 9 அடி நைலான் இழை. பூச்சி பத்துப் பன்னிரண்டு. கொக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால் சிறு மீனை ஊறின்றி விட்டுவிடலாம். ரப்பர்க் காற்சட்டைக்கு அவசரமில்லை.

இமாசல மீன்வளத்துறையின் அனுமதிச்சீட்டு மட்டும் இன்றியமையாதது. நவம்பர் முதல் பிப்ரவரி முடிய மீன் முட்டையிடுங் காலமாதலால், அப்போது எவருக்கும் அனுமதியில்லை.