சுவரில் எழுதிய வாசகம் கிணற்றில் நீராவது எப்படி?

சென்னை மேற்கு மாம்பலத்தில் ஒரு சாலைக்கு 'லேக் வியூ ரோடு' என்று பெயர். ஏரியைப் பார்த்தபடி செல்லும் சாலை என்பது பொருள். இன்று அங்கே ஏரி இல்லை. அந்தப் பக்கத்தில் நீண்டு கிடந்த மாம்பலம் ஏரி 1920-களில் வடிக்கப்பட்டு, தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. ஏரி போன பிறகும் மேற்கு மாம்பலத்துப் பழைய வீடுகளின் கொல்லையில் கிணறுகள் இருந்தன. அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்தபோது அவற்றுள் பல தூர்க்கப்பட்டன. ஆழ்குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. வாசலுக்கும் கொல்லைக்கும் சிமெண்டு தளம் வந்தது. பெய்கிற மழை தெருவுக்கு ஓடத் தொடங்கியது.

பட்டணத்து வீட்டுக் கிணறு வற்றினால் விவசாயிக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு. பட்டணத்தின் தாகம் முதலில் எட்டிப் பார்ப்பது பக்கத்து வயற்கிணறுகளைத்தான். வறட்சி ஆண்டுகளில் திருவள்ளூர் மாவட்டத்து விவசாயிகளின் கிணறுகளிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் விலைக்கு வாங்கப்பட்டது. மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மீறி நீர் இறைத்ததால், கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்து பல கிணறுகள் உவராகிவிட்டன. 2019-ஆம் ஆண்டு கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஆகவே மாம்பலத்து மாடியில் பெய்யும் மழை மாம்பலத்துக் கிணற்றிலேயே இறங்குவது, வயற்கிணற்றுக்கும் காவலாகும்.

இதை மக்களிடம் எடுத்துச் சொன்ன விதத்தில் விவசாயிகள் கற்க வேண்டிய பாடம் ஒன்று உள்ளது. ஊராட்சியிலும் உழவர் மன்றத்திலும் 'நீரைச் சேமிப்போம்' என்று எழுதி வைப்பவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

கெடுவுக்குக் கட்டியது

2003-ஆம் ஆண்டு தமிழக அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பைக் கட்டாயமாக்கியது. கெடுவுக்குள் அமைக்காவிட்டால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. சட்டம் பலன் தந்தது என்பதில் ஐயமில்லை. குழாய்களும் குழிகளும் ஊரெங்கும் எழுந்தன. அடுத்து வந்த நல்ல மழைகளில், குறிப்பாக 2005-ஆம் ஆண்டுப் பெருமழைக்குப் பின், பல பகுதிகளில் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது.

ஆனால் அந்தச் செய்தி மக்கள் காதில் 'கட்டு' என்று மட்டுமே விழுந்தது. 'ஆண்டுதோறும் சுத்தம் செய்' என்பது விழவில்லை. இணைப்பு போய்விடும் என்ற பயத்தில் கட்டியவர், இணைப்பு போகாது என்று தெரிந்ததும் குழியை மறந்தார். மணலில் வண்டல் படிந்தது. குழாய் வாயைச் சருகு அடைத்தது. தண்ணீர் இறங்காத குழி, குழி என்ற பெயரோடு நின்றது. பயம் ஒரு வேலையைத் தொடங்கி வைக்கும். அதைத் தொடர்ந்து செய்ய வைப்பது பலனைக் கண்ணால் கண்ட அனுபவமே.

கேட்பவரின் கவலை

இன்னொன்றும் உண்டு. மேற்கு மாம்பலம் ஒரு காலத்தில் கொசுவுக்கும் யானைக்கால் நோய்க்கும் பேர்போன இடம். அங்கே குடியிருப்பவரிடம் போய் 'வாசலில் குழி வெட்டி நீரைத் தேக்குங்கள்' என்றால், அவர் மனதில் முதலில் வருவது கொசுதான். அவர் தலையாட்டுவார், குழி வெட்டமாட்டார். 'குழியில் ஜல்லியும் மணலும் நிரப்புங்கள்; நீர் நிற்காமல் இறங்கிவிடும்; கிணற்றுக்கு வலை மூடி போடுங்கள்; கொசு முட்டையிடாது' என்று சேர்த்துச் சொன்னால் காது கொடுப்பார். கேட்பவரின் கவலைக்குப் பதில் சொல்லாத அறிவுரை பாதி அறிவுரையே.

கணக்கையும் அவர் புழங்கும் அளவில் சொல்ல வேண்டும். சென்னையின் சராசரி ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் நீர். ஆயிரம் சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். சிதறிப்போவதைக் கழித்து ஐந்தில் நான்கு பங்கு கிடைத்தாலும், ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் சேரும். இதை மில்லிமீட்டரில் சொன்னால் மறந்துபோகும். 'உங்கள் மாடியில் ஆண்டுக்கு எட்டு லாரித் தண்ணீர் பெய்கிறது. அதைத் தெருவில் விட்டுவிட்டுக் காசு கொடுத்து லாரி வாங்குகிறீர்கள்' என்று சொன்னால் மறக்காது. பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரிக்கு இந்தக் கணக்கு சரியாகவே வரும்.

சென்னையில் இவ்வாறு வீடு வீடாகச் சென்று சொன்னவர்களுள் ஒருவர் இயற்பியல் அறிஞர் சேகர் ராகவன். 2002-ஆம் ஆண்டு மந்தைவெளியில் 'ரெயின் சென்டர்' என்ற விளக்க நிலையம் தொடங்கப்பட்டது. மாடி நீர் எப்படிக் குழாயில் இறங்கி, வடிகட்டியில் தெளிந்து, கிணற்றுக்குப் போகிறது என்பதை அங்கே மாதிரி அமைப்புகளில் பார்க்கலாம். நூறு சுவரொட்டிகளைவிடக் கண்முன் நிற்கும் ஒரு மாதிரி மேல்.

வயலில் கண்ட சான்று

விவசாயிகளுக்கு இது புதிதல்ல. 1960-களில் தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 நெல் பரவியபோது, அதை 'ரேடியோ நெல்' என்றே சொன்னார்கள். திருச்சி வானொலி அந்த ரகத்தைப் பற்றி விவசாயிகளின் பேச்சு வழக்கிலேயே ஓயாமல் சொன்னது. சொன்ன நெல் பக்கத்து வயலில் விளைந்தும் நின்றது. காதில் கேட்டதைக் கண்ணாலும் பார்க்க முடிந்ததால் நம்பிக்கை பிறந்தது.

வியட்நாம் நாட்டின் மேகாங் ஆற்றுப் படுகையில் 1990-களில் நடந்ததும் இதையே காட்டுகிறது. இலைச்சுருட்டுப் புழுவைக் கண்டவுடன் நெல் விவசாயிகள் பூச்சிமருந்து தெளித்து வந்தார்கள். இளம்பயிர் அந்தச் சேதத்தை ஈடுசெய்து வளர்ந்துவிடும். முன்கூட்டித் தெளிப்பதால் சிலந்தி, குளவி போன்ற நன்மை செய்யும் உயிரினங்கள் மடிந்து, புகையான் பெருகும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் ஹியோங், எஸ்கலாடா ஆகியோர் உள்ளூர் அலுவலர்களுடன் சேர்ந்து இத்தனையையும் ஒரே வரியாகச் சுருக்கினார்கள்: விதைத்த முதல் 40 நாட்களில் இலைச்சுருட்டுப் புழுவுக்காக மருந்து தெளிக்க வேண்டியதில்லை.

இதை நம்புங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. வயலில் ஒரு சிறு பகுதியைத் தெளிக்காமல் விட்டு, அறுவடையின்போது நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள் என்றார்கள். வானொலி நாடகங்களும் துண்டுப் பிரசுரங்களும் அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பச் சொன்னன. போகத்துக்கு மூன்று முறைக்கு மேல் தெளித்தவர்கள், சில ஆண்டுகளில் இரண்டு முறைக்கும் குறைவாகத் தெளிக்கும் நிலைக்கு வந்தார்கள்.

உங்கள் ஊரில் செய்ய வேண்டியது

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர், அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபை கூடுகிறது. தண்ணீரைப் பற்றிப் பேச ஏற்ற நாள் இதுவே. கீழ்க்கண்டவற்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

1. ஒரு பருவத்துக்கு ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள். 'சுற்றுச்சூழலைக் காப்போம்' என்பதில் செய்ய வேண்டிய வேலை எது என்று தெரியவில்லை. 'ஐப்பசி பிறக்குமுன் கிணற்றோர வடிகட்டிக் குழியின் மணலை அள்ளிக் கழுவிப் போடுங்கள்' என்பதில் தெரிகிறது.

2. விவசாயியின் அளவில் சொல்லுங்கள். ஓர் ஏக்கரில் ஓர் அங்குல மழை பெய்தால், ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று மேல் நீர் விழுகிறது. வரப்பு உடைந்திருந்தால் அதில் எவ்வளவு ஓடிப்போகும் என்பதை அவரே கணக்கிட்டுக் கொள்வார்.

3. செய்து பார்த்தவர் பேசட்டும். அலுவலர் பேசுவதைவிட, சென்ற ஆண்டு குழி வெட்டிய பக்கத்துக் காட்டுக்காரர் பேசினால் எடுபடும். கூட்டத்தை அவருடைய கிணற்றடியிலேயே வைத்துக் கொள்ளலாம்.

4. பலனைக் காண வழி செய்யுங்கள். கிணற்றின் உட்சுவரில் அடிக்கணக்கில் வெள்ளைக் கோடுகள் போடுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் நீர்மட்டத்தைக் குறித்து, ஊராட்சிப் பலகையில் மாதந்தோறும் எழுதுங்கள். ஏறினாலும் இறங்கினாலும் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். ஒருமுறை மிகைப்படுத்தினால் அப்புறம் யாரும் பலகையைப் பார்க்கமாட்டார்கள்.

5. கெடுதலையும் மறைக்காமல் சொல்லுங்கள். வயலில் ஓடிவரும் கலங்கல் நீரை நேரே கிணற்றில் விட்டால் கிணறு தூர்ந்துபோகும். முதலில் வண்டல் தங்க ஒரு தொட்டியும், அடுத்து அடியில் கருங்கல், நடுவில் ஜல்லி, மேலே மணல் நிரப்பிய குழியும் வேண்டும். எருக்குழிப் பக்கமிருந்தும், பூச்சிமருந்து தெளித்த வயலிலிருந்தும் வரும் நீரைக் கிணற்றுக்குத் திருப்பவே கூடாது.

6. ஆண்டுதோறும் சொல்லுங்கள். கட்டும் ஆண்டில் விழா எடுத்து, அடுத்த ஆண்டில் மறந்துவிடுவதே 2003-ஆம் ஆண்டு அனுபவம் காட்டிய குறை.

சுவரில் எழுதுவது எளிது. ஒரு வாளி சுண்ணாம்பும் ஒரு தூரிகையும் போதும். எழுதிய வரியைப் படித்தவர் மண்வெட்டியை எடுத்தாரா என்பதே கணக்கு. மேற்கு மாம்பலத்துச் சாலையில் ஏரியின் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நம் ஊர்க் கிணற்றுக்கும் பெயர் மட்டும் மிஞ்சும் நிலை வராதிருக்க, இந்தப் பருவத்திலேயே ஒரு வேலை, ஒரு கிணறு, ஒரு கோடு என்று தொடங்குவது விவசாயப் பெருமக்களுக்கு நலம் பயக்கும்.